முறிந்த சைலன்சர் ஸ்டட்: ஈசி அவுட்டா, வெல்டிங்கா, லேத்தா?

இன்ஜினில் ஒரு போல்ட் முறிந்து பாதி உள்ளே நின்றுவிட்டால் பக்கத்தில் நிற்கிறவர்கள் ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள். ஈசி அவுட் (முறிந்த துண்டில் ஓட்டை போட்டு, உள்ளே முறுக்கி இறக்கித் துண்டைக் கழற்றும் டூல்) போடுங்க என்பார் ஒருவர், நட்டை வைத்து வெல்டிங் அடித்தால் வந்துவிடும் என்பார் இன்னொருவர், பேசாமல் ஹெட்டை (இன்ஜின் சிலிண்டரின் மேல் மூடியை) கழற்றி லேத்துக்குக் கொண்டு போங்க என்பார் மூன்றாமவர். மூன்றுமே நடக்கிற வேலைதான். ஆனால் எந்த முறிவுக்கு எது என்று பார்க்காமல், கையில் இருக்கிற டூலை வைத்து ஆரம்பித்தால் ஒரு மணி நேர வேலை ஒரு வாரம் இழுக்கும், செலவும் அதற்கேற்ப ஏறும்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது பைக்கின் சைலன்சர் ஸ்டட், அதாவது தலை இல்லாமல் இரண்டு முனையிலும் மரை போட்ட போல்ட். சைலன்சரின் முன்பக்கக் குழாயான பெண்ட் பைப்பை ஹெட்டோடு பிடித்திருப்பது பெரும்பாலும் இரண்டு ஸ்டட்டுகள்தான். 100, 125 சிசி வண்டிகளில் பொதுவாக எம்6 அல்லது எம்8, அதாவது 6 அல்லது 8 மில்லிமீட்டர் விட்டம். அலுமினிய ஹெட்டுக்குள் எஃகு ஸ்டட், வண்டி எடுக்கும் ஒவ்வொரு முறையும் சூடாகி ஆறுகிறது, முன் சக்கரம் வாரி அடிக்கிற மழைத்தண்ணீர் நேராக அதன்மேல்தான் படுகிறது. தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி உப்புக்காற்று ஊர் என்றால் கேட்கவே வேண்டாம், ஸ்டட்டும் நட்டும் ஒரே துரு உருண்டையாகக் கிடக்கும். இன்ஜினில் முறிகிற போல்ட்டுகளில் அடம்பிடிக்கிற ரகம் இது. இதைக் கழற்றத் தெரிந்தால் கிளட்ச் கவர் போல்ட்டெல்லாம் சும்மா.

ட்ரில்லைத் தொடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. போல்ட் இறுக்கும்போது முறிந்ததா, கழற்றும்போது முறிந்ததா?

இறுக்கும்போது முறிந்தது என்றால், அளவுக்கு மீறி முறுக்கியதில் தலை தனியாக வந்துவிட்டது. உள்ளே நிற்கும் துண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்தத் தலைதான். தலை போனதும் இழுவிசை போய்விடும், துண்டு மரையில் சும்மா உட்கார்ந்திருக்கும். ஓடும்போது அதிர்வில் நாள்பட்டுத் தளர்ந்து முறிந்ததும் இப்படித்தான். இந்த ரகத்தில் சில சமயம் கூரான பஞ்ச்சை ஓரத்தில் சாய்த்து வைத்து எதிர்த்திசையில் மெல்லத் தட்டினாலே துண்டு சுற்ற ஆரம்பித்துவிடும்.

கழற்றும்போது முறிந்தது வேறு கதை. மரை முழுக்கத் துருவும் அலுமினிய உப்பும் சேர்ந்து கெட்டித்து நிற்கிறது, ஸ்டட்டின் முழுத் தடிமனும் அந்தப் பிடியை உடைக்க முடியாமல்தான் முறிந்தது. இப்போது ஈசி அவுட் என்ன செய்யப் போகிறது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். எம்8 ஸ்டட்டின் மரைக்கு அடியில் இருக்கும் விட்டம் சுமார் 6.5 மில்லிமீட்டர். அதன் நடுவில் ஓட்டை போட்டு இறக்குகிற ஈசி அவுட் மெலிந்த இடத்தில் 3.5 மில்லிமீட்டர் இருந்தால் பெரிது. ஒரு கம்பி முறுக்கைத் தாங்கும் திறன் அதன் விட்டத்தின் கனத்துக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்ப மாறும், அதாவது இங்கே ஆறில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. ஈசி அவுட் கடினமான எஃகு, இரண்டு மடங்கு பலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்பவும் மூன்றில் ஒரு பங்குதான். முழு ஸ்டட்டே தோற்ற இடத்தில் மூன்றில் ஒரு பங்கு பலம் உள்ள கம்பி ஜெயிக்கும் என்று நம்புவதற்கு என்ன காரணம் இருக்கிறது?

போதாததற்கு அது கூம்பு வடிவம். உள்ளே இறங்க இறங்க ஓட்டை போட்ட துண்டை வெளிப்பக்கமாக விரித்து, ஏற்கெனவே இறுகியிருக்கிற மரையை இன்னும் இறுக்கும். கடைசியில் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இனி உள்ளே இருப்பது ட்ரில் பிட் ஏறாத கடின எஃகு. கடினமான பொருள் என்பதால் அது வளையாது, எச்சரிக்கை கொடுக்காது, நேராக ஒடியும். துருப்பிடித்த சைலன்சர் ஸ்டட்டுக்கு ஈசி அவுட் போடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை, கடைக்காரர் எவ்வளவு நல்ல செட் என்று சொன்னாலும் சரி. இறுக்கும்போது முறிந்த போல்ட்டுக்கு அது அருமையான டூல். அந்த இடத்தில் மட்டும் அது இருக்கட்டும்.

அதைவிட எனக்குப் பிடித்தது இடது சுற்று ட்ரில் பிட். ட்ரில் மெஷினை ரிவர்ஸில் ஓட்டினால் வெட்டுகிற மாதிரி வடிவமைத்தது. வெட்டும் விசையே கழற்றுகிற திசையில் விழுவதால், தளர்வாக நிற்கும் துண்டு பாதி ஓட்டை போடும்போதே பிட்டோடு சேர்ந்து சுற்றி வெளியே வந்துவிடும். வராவிட்டாலும் நஷ்டமில்லை, எப்படியும் போட வேண்டிய ஓட்டைதானே. ஹார்டுவேர் கடையில் கேட்டால் பெரும்பாலும் முழிப்பார்கள், ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

சரி, துருவில் இறுகியதற்கு வருவோம். ஸ்டட் கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் பாக்கியசாலி. முதல் நாள் இரவே பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஊற வையுங்கள், இல்லையென்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்து விடலாம், தீப்பொறி மட்டும் பக்கத்தில் கூடாது. எண்ணெய் விட்ட பிறகு ஸ்டட்டின் முனையில் சின்னச் சுத்தியலால் நாலைந்து தட்டு தட்டுவது எண்ணெயைவிட அதிக வேலை செய்யும், துருவில் விரிசல் விழுவது அந்த அதிர்ச்சியில்தான். நுனி வெளியே நீட்டாமல் ஹெட்டோடு மட்டமாக முறிந்திருந்தால் எண்ணெயிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அடைபட்ட குழிக்குள் நிற்கும் ஸ்டட்டில் அது மேலே ஒன்றிரண்டு மரையைத் தாண்டி இறங்காது.

அப்புறம், விட்ட எண்ணெயைத் துடைத்து உலரவிட்ட பிறகு, சூடு. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஸ்டட்டைச் சுற்றியிருக்கும் ஹெட்டை அறை வெப்பத்திலிருந்து 150 டிகிரி ஏற்றினால் 8 மில்லிமீட்டர் குழிக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே கிடைக்கும் வித்தியாசம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான், ஆனால் துருவின் பிடியைத் தளர்த்த அது பெரும்பாலும் போதும். தண்ணீர் சொட்டு விட்டால் சுர்ரென்று துள்ளுகிற அளவு சூடு வந்ததும் மெழுகுவர்த்தியை ஸ்டட்டின் அடியில் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இழுத்துக்கொண்டு போகும். பிறகு வைஸ் கிரிப்பை (பிடித்த பிடியில் பூட்டிக்கொள்ளும் பிளையரை) இறுக்கிப் பிடித்து முதலில் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம், அப்புறம் கழற்றும் பக்கம், இப்படி மாறி மாறி.

இதற்குச் சின்ன கேஸ் டார்ச் போதும். கேஸ் வெல்டிங்கின் ஆக்சி அசிட்டிலீன் சுடர் 3000 டிகிரியைத் தாண்டும். அலுமினியமோ இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கை காட்டாது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹெட்டின் ஃபின் (சூட்டை ஆற்றும் தகடு) உருகி ஒழுகிவிடும். சூடு அளவு மீறினால் வால்வு சீட் தளரவும் செய்யலாம், வால்வு ஸ்டெம் ரப்பர் சீல் கருகுவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

மட்டமாக முறிந்ததற்கு என் ஓட்டு வெல்டிங்குக்குத்தான். காரணம் ரொம்ப எளிது. மற்ற வழிகளில் சூடு ஒரு பக்கம், பிடிமானம் ஒரு பக்கம் என்று தனித்தனியாகத் தேட வேண்டும். இதில் ஸ்டட்டே உள்ளுக்குள் செக்கச்செவேல் என்று சூடாகி, விரிந்து துருவை நசுக்கி, ஆறும்போது சுருங்கிப் பிடியை விடுகிறது. கூடவே ஸ்பேனர் போட ஒரு புதுத் தலையும் கிடைத்துவிடுகிறது. எஃகு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது என்பதால், முறிந்த நுனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே இறங்கியிருந்தாலும் பொட்டுப் பொட்டாக உலோகத்தை ஏற்றி மேலே கொண்டுவர முடியும். வார்ப்பிரும்பு ஹெட்டில் இந்தச் சலுகை கிடையாது, பழைய டிராக்டர், லாரி இன்ஜினில் இதே வேலையைச் செய்தால் ஸ்டட்டோடு குழியின் சுவரும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

வெல்டிங் தோற்கிற இடம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான், நட்டை வைத்து அதன் உள்சுவரில் உலோகத்தை நிரப்பிவிட்டு ஸ்டட்டைத் தொடாமலேயே விட்டுவிடுவது. வெளியே பார்க்க அழகாக நிரம்பியிருக்கும், ஸ்பேனர் போட்டதும் நட்டு தனியாக வந்துவிடும். அதனால் முதலில் முறிந்த முகத்தைக் கிரைண்டரால் பளிச்சென்று ஆக்க வேண்டும். ஸ்டட் அளவுக்குத் துளையுள்ள வாஷரை வைத்து நடுவிலிருந்து ஆரம்பித்து ஸ்டட்டையும் வாஷரையும் ஒன்றாக்க வேண்டும், அதற்குமேல் ஒரு சைஸ் பெரிய நட்டை வைத்து மறுபடி அடிக்க வேண்டும். எம்8க்கு சாதாரண ஆர்க் வெல்டிங்கில் 2.5 மில்லிமீட்டர் ராடு வைத்து கைத்திறன் உள்ளவர் செய்துவிடுவார். எம்6 என்றால் மிக் அல்லது டிக் வெல்டிங் வைத்திருக்கும் பட்டறையாகத் தேடுங்கள், அந்தச் சின்ன இடத்தில் ராடை நிறுத்துவது கஷ்டம்.

அடித்த உடனே திருப்பக் கூடாது. சிவப்பு முழுசாகப் போய், கிட்டே கை கொண்டுபோனால் சூடு தெரிகிற அளவுக்கு வரும்வரை காத்திருந்து அப்புறம் ஸ்பேனர். திருப்பும்போது முதல் அசைவு கையில் தெரியும்: ஸ்பிரிங் மாதிரி திரும்பி வந்தால் ஸ்டட் முறுக்கிக்கொள்கிறது, இன்னும் விடவில்லை, போன இடத்திலேயே நின்றால் பிடி விட்டுவிட்டது. கிரீச் என்று சத்தம் போட்டுக்கொண்டே கால் சுற்று வரும், அங்கே எண்ணெய் விட்டுத் திரும்ப உள்ளே கொஞ்சம், வெளியே கொஞ்சம். நட்டு பிய்ந்துவிட்டால் சோர்ந்துபோக வேண்டாம், இன்னொரு நட்டு. ஒவ்வொரு வெல்டிங்கும் ஸ்டட்டுக்கு இன்னொரு சூடு என்பதால் மூன்றாவது நட்டில் வருவது சகஜம்.

வண்டியில் வைத்தே செய்வதானால் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி தூரமாக வைக்க வேண்டும். பேட்டரியின் இரண்டு வயரையும் கழற்ற வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டி என்றால் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் பெட்டி) கனெக்டரையும் எடுத்துவிடுவது நல்லது. எர்த் கிளாம்ப்பை ஹெட்டிலேயே, ஸ்டட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள், சேஸில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகச் சுற்றிப் போகும். எக்ஸாஸ்ட் துளைக்குள் வெல்டிங் பொறி விழாமல் எரியாத எதையாவது வைத்து அடைக்க வேண்டும். இதையெல்லாம் கேட்டால் அலுத்துக்கொள்கிற வெல்டரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

வெல்டிங்குக்கும் வராத ஸ்டட் இருக்கத்தான் செய்கிறது. அப்போது அதைக் கழற்றும் எண்ணத்தையே விட்டுவிட்டு ட்ரில் போட்டு அழித்துவிட வேண்டியதுதான். மரை வெட்டும் டூலுக்கு டேப் என்று பெயர், அதற்கு முன் போடும் ஓட்டைக்கான டேப் ட்ரில் எம்8 மரைக்கு 6.8 மில்லிமீட்டர், எம்6க்கு 5. ட்ரில் மிகச் சரியாக நடுவில் இறங்கினால் ஸ்டட்டின் உடல் முழுக்கப் போய், மரையில் சுருளாக ஒரு கம்பி மட்டும் மிஞ்சும், அதைக் கூரான ஊசியால் நெம்பி எடுத்து பழைய மரையிலேயே டேப் ஓட்டலாம். பேப்பரில் இவ்வளவுதான் விஷயம். நிஜத்தில் முறிந்த முகம் சரிவாக இருக்கும், எஃகைவிட அலுமினியம் மென்மை, பிட் எப்போதும் மென்மையான பக்கம்தான் ஓடும். கையில் பிடித்த ட்ரில்லில் அரை மில்லிமீட்டர் விலகினால் ஒரு பக்கத்து மரையைத் தின்றுவிடும். பைக்கில் முன் சக்கரமோ ஃபிரேமின் குழாயோ குறுக்கே வந்து ட்ரில்லை நேராகப் பிடிக்கவும் விடாது.

இதற்கு லேத்துக்காரர்களிடம் ஒரு நல்ல வழி உண்டு. வெளிவிட்டம் பெண்ட் பைப் ஃபிளாஞ்சின் (ஸ்டட் நுழையும் ஓட்டைகள் உள்ள பட்டையின்) ஓட்டைக்குப் பொருந்துகிற மாதிரி, உள்ளே 3 மில்லிமீட்டர் துளையோடு ஒரு சின்ன புஷ் (குழல்) கடைந்து தருவார்கள். அடுத்த ஸ்டட் நல்லபடியாக இருந்தால் ஃபிளாஞ்சை அதில் மாட்டி, முறிந்த பக்கத்து ஓட்டையில் புஷ்ஷைச் செருகினால் பிட் நடுவில்தான் இறங்கும். வேகம் குறைவாக, கட்டிங் ஆயில் விட்டு, நல்ல கோபால்ட் பிட் வைத்துப் போட வேண்டும். அதைவிட உத்தரவாதம் ஹெட்டைக் கழற்றி மில்லிங் மெஷினில் கட்டி வைத்துப் போடுவது. ஹெட் கழற்றினால் கேஸ்கெட் செலவு, கூலி, வால்வு டைமிங் திரும்ப வைக்கிற வேலை எல்லாம் சேரும்தான். ஆனால் ஓட்டை விலகிப் போனால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

மரை கெட்டுவிட்டால் எம்10க்குப் பெரிசாக்கிவிடலாம் என்று சொல்வார்கள். நான் ஹெலிகாயில் பக்கம், அதாவது கெட்ட மரையைப் பெரிசாக வெட்டி அதற்குள் இறக்குகிற கம்பிச் சுருள் மரை. எம்8 ஹெலிகாயிலுக்கு 8.3 மில்லிமீட்டர் ட்ரில் போட்டு அதற்கான தனி டேப் ஓட்டினால் மரையின் வெளிவிட்டம் சுமார் 9.6 வரை போகும், ஆக ஹெட்டின் சுவரில் இழக்கிற இடம் எம்10 போடுவதோடு கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால் ஸ்டட் பழைய அளவிலேயே இருக்கும், ஃபிளாஞ்சின் ஓட்டையைப் பெரிசாக்க வேண்டாம், ஸ்டெயின்லெஸ் சுருள் மரை அலுமினிய மரையைவிட உறுதியும்கூட. ஹெலிகாயில் செட் இல்லாத பட்டறையில் புஷ் இறக்கி மரை எடுத்துத் தருவார்கள். அதுவும் நன்றாகவே உழைக்கும், சுவர் தாராளமாக இருக்கிற இடமென்றால்.

ஏற்கெனவே யாரோ ஈசி அவுட்டை உள்ளே ஒடித்துவிட்டார்கள் என்றால் மேலே சொன்ன ட்ரில்லும் உதவாது. அதற்கு இருப்பது இடிஎம், பட்டறைப் பேச்சில் ஸ்பார்க் ஈரோஷன். செம்பு அல்லது பித்தளை எலெக்ட்ரோடுக்கும் முறிந்த துண்டுக்கும் நடுவில் மின்பொறி விட்டு விட்டுத் துண்டைத் துளித்துளியாக அரித்து எடுக்கும். பொருள் எவ்வளவு கடினம் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை, மரையைத் தொடாமல் நடுவை மட்டும் எடுத்துவிடலாம், ஹெட்டில் எந்த விசையும் விழாது. கோயம்புத்தூர் கணபதி, சென்னை அம்பத்தூர், ஓசூர் பக்கம் அச்சு செய்கிற டூல் ரூம்களில் இந்த மெஷின் இருக்கும். ஒற்றை ஸ்டட்டுக்காக மெஷினை செட் செய்வதற்கு எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள், தெரிந்த லேத்துக்காரர் மூலமாகப் போனால் நடக்கும். துல்லியத்தில் இதற்குமேல் ஒன்றும் இல்லை, ஆனால் நல்ல ஸ்டட்டை எடுக்க முதலிலேயே இங்கே போவது தேவையில்லாத செலவு.

படிகாரத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் எஃகு கரைந்துவிடும் என்றும் ஒரு வழி சுற்றுகிறது. பொய்யில்லை. வாட்ச் ரிப்பேர்காரர்கள் பித்தளைத் தகட்டில் முறிந்த குட்டி ஸ்க்ரூவை அப்படித்தான் எடுப்பார்கள். ஆனால் சிலிண்டர் ஹெட்டில் வால்வு சீட்டும் கைடும் பெரும்பாலும் இரும்பு வகைதான், அவற்றை மட்டும் படிகாரம் விட்டுவைக்குமா?

ஹெட்டையே மாற்றிவிடுவதும் ஒரு வழிதான், 100 சிசி வண்டிக்கு அது முட்டாள்தனமும் இல்லை. சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்தில் பழைய ஹெட் கிடைக்கும். அதன் சைலன்சர் ஸ்டட்டும் இதே மழையில் நனைந்ததுதான் என்பதை மறக்காமல், வாங்குவதற்கு முன்னால் நட்டு சுற்றுகிறதா என்று பார்த்து வாங்கவும். வால்வைத் தேய்த்துச் சீட்டில் பொருத்தும் லேப்பிங் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் வெல்டிங், ஹெலிகாயில் இரண்டும் சேர்ந்தாலும் மலிவாகத்தான் முடியும். பெரிய வண்டி என்றால் பேச்சே இல்லை, இருக்கிற ஹெட்டைக் காப்பாற்றுவதுதான் சரி. ஒரு ஸ்டட்டிலேயே ஓட்டலாம் என்று விடுபவர்களும் உண்டு. ஃபிளாஞ்ச் ஒரு பக்கம் சாய்ந்து, புகை கசிந்து, அடுத்த ஸ்டட்டும் அதே கதிக்கு வருவதற்கு ரொம்ப நாள் ஆகாது.

ஆக என் வரிசை இதுதான். இறுக்கும்போது முறிந்திருந்தால் இடது சுற்று பிட், அதற்கும் வராவிட்டால் ஈசி அவுட். துருவில் முறிந்து நீட்டிக்கொண்டிருந்தால் சூடு, மெழுகு, வைஸ் கிரிப். மட்டமாக இருந்தால் நட்டு வெல்டிங். நாலைந்து நட்டுக்குப் பிறகும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றி மில்லிங், ஹெலிகாயில். உள்ளே கடின எஃகு ஒடிந்து கிடந்தால் மட்டும் இடிஎம். வீட்டில் செய்கிறவர் வைஸ் கிரிப் வரைக்கும் தைரியமாகப் போகலாம், துரு ஸ்டட்டில் ட்ரில் எடுக்கிற நேரம் வந்தால் லேத்துக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். யாரும் கை வைக்காத ஸ்டட்டுக்கும் கோணலாக ஓட்டை போட்டுக் கொண்டுவந்த ஸ்டட்டுக்கும் அவர் சொல்கிற கூலி ஒன்றாக இருக்காது.

பழையது வெளியே வந்ததும் மரையை டேப் விட்டுச் சுத்தம் செய்து, புது ஸ்டட்டில் காப்பர் ஆன்டி சீஸ் பேஸ்ட் (மரை இறுகி ஒட்டாமல் காக்கும் பசை) தடவிப் போடுங்கள். பேஸ்ட் வழுக்கும் என்பதால் வழக்கமாகக் கொடுக்கிற முறுக்கைவிடக் கொஞ்சம் குறைத்தே கொடுக்க வேண்டும். எஃகு நட்டுக்குப் பதிலாகப் பித்தளை நட்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள். அது ஸ்டட்டோடு துருப்பிடித்து ஒட்டாது, அடுத்த முறை சைலன்சர் கழற்றும்போது நட்டு மட்டும் வரும், ஸ்டட் இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்த பக்கத்து ஸ்டட் இன்னும் முறியவில்லையே என்று விட்டுவிடாமல், ஹெட் சூடாக இருக்கும்போதே அதையும் மெதுவாகக் கழற்றி மாற்றிவிடச் சொல்லுங்கள்.